நான் வளர்த்த மலைப்பாம்பு

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பிராணிகளிடம் அன்பு காட்டுவது பற்றிப் பேசும்படி எனக்குப் பணித்திருக்கிறார்கள். நாயையோ பசுவையோ பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு பாம்பைப் பற்றி. சிரிக்க வேண்டாம். ஓராண்டுக் காலம் நான் ஒரு மலைப்பாம்பை வளர்த்தவன்.

1998ஆம் ஆண்டு. அப்போது நான் ஐந்தாம் ஆண்டு மாணவன். அப்பா பால்மரம் சீவுகிறவர். எங்கள் லயத்துக்குப் பின்னால் செம்பனை. ஒரு நாள் மட்டைக் குவியலுக்கு அடியில் 2 அடி நீளத்தில், என் விரல் கனத்தில், ஒரு மலைப்பாம்புக் குட்டி சுருண்டு கிடந்தது. தகர டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா அலறினார். அப்பா சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "சரி, எலி புடிக்கிற சாமி. கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பழைய பலகையையும் கம்பி வலையையும் வைத்துக் கூண்டும் அவரே செய்து தந்தார்.

பாட்டி கிண்ணத்தில் பால் வைத்தார். அது தொடவே இல்லை. பாம்புக்குப் பால் உணவல்ல என்பதை அன்றுதான் கண்டோம். பொறியில் விழும் எலிகளைப் போட்டேன். வாரத்துக்கு ஒன்று போதும். தின்றுவிட்டுப் பல நாள் அசையாமல் கிடக்கும். தோலை உரித்துவிட்டுப் புதுப் பளபளப்போடு வரும். அந்தத் தோலைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டி நான் அடைந்த பெருமைக்கு அளவில்லை. அதற்கு 'மணி' என்று பெயரும் வைத்தேன். கையில் எடுத்தால் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும். "என்னைத் தெரிஞ்சுக்கிச்சு" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஓராண்டில் அது 5 அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. லயத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. காரணம் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டு ஜொகூர் மாநிலத்தில் சிகாமட் பக்கம் பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவரை ஒரு பெரிய மலைப்பாம்பு இறுக்கிக் கொன்ற செய்தியை அவர்கள் மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழிக்குஞ்சைத் தூக்கி விளையாடிய கையோடு என் தங்கை கூண்டுக் கதவைத் திறந்தாள். கோழி வாசம் அடித்த அந்தக் கையை மணி கவ்விச் சுற்றிக்கொண்டது. அவள் போட்ட சத்தத்தில் லயமே கூடியது. நான் "மணி! மணி!" என்று கத்தினேன். அது கேட்குமா? அப்பா ஓடிவந்து, வாலைப் பிடித்து, வால்புறத்திலிருந்து சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தார். தங்கையின் கையில் பல் பதிந்து இரத்தம் வடிந்தது. மலைப்பாம்புக்கு நஞ்சு இல்லை. ஆகவே மருந்து போட்டதில் ஆறிவிட்டது.

அதற்குள் பாராங்கத்தியும் கம்புமாக நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். "தள்ளுங்கண்ணே, ஒரே வெட்டு" என்றார் ஒருவர். அப்பா பாம்பைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டே, "வேண்டாம். கொண்டாந்தது நம்ம பையன். தப்பு பாம்பு மேல இல்ல" என்றார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்கு மரம் நடக்கிறவர் அவர். பாம்பு என்றால் அவருக்கு எவ்வளவு அச்சம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அந்த அச்சத்தை அடக்கிக்கொண்டுதான் ஓராண்டு என் ஆசைக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் உட்கார்ந்து, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, பட்டணத்து வனவிலங்கு இலாகாவுக்குப் போனோம். வழியெல்லாம் அழுதேன். "நாளைக்கு என்னை அடையாளம் கண்டுக்குமா?" என்று அங்கிருந்த மலாய் அதிகாரியிடம் கேட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அடிக், அதற்குப் பசி தெரியும், பயம் தெரியும். உன்னைத் தெரியாது. காட்டில் விட்டால் அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்" என்றார். திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "நீ அன்பா வளர்த்தது பொய்யில்லப்பா. ஆனா அது காட்டுப் புள்ள. நாம வச்சிக்க முடியாது."

அருமை மாணவர்களே! கூண்டில் வைத்தது என் ஆசை. காட்டில் விட்டதுதான் அதற்குச் செய்த நன்மை. இன்று 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மலைப்பாம்பை வைத்திருப்பதே குற்றம். ஆகவே என்னைப் பார்த்து நீங்களும் டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்!

பெற்றோர்களே! கண்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொல்லவும் வேண்டாம். செம்பனைக் குலையைக் கடித்து நாசமாக்கும் எலியை அது தின்கிறது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, 999க்கு அழைத்துத் தீயணைப்புப் படையிடம் சொல்லுங்கள். வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். யாரையாவது கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்று இந்தப் பிள்ளைகள் வாங்கப்போகும் பரிசுகளுக்குப் பின்னாலும், என் அப்பாவைப் போல் நடுங்கும் கையை மறைத்துக்கொண்டு நிற்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பரிசை வாங்கியதும் முதலில் அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.