சிறு காரில் மலை கடத்தல்

இலங்கைத் தீவின் மேற்குக் கரையில் கொழும்பு. கிழக்குக் கரையில் மட்டக்களப்பு. இவ்விரண்டையும் இணைக்கும் வழிகளுள் விரைவை விரும்புவோர் தேர்ந்துகொள்வது ஹபரணை, பொலன்னறுவை வழியே செல்லும் சமதரைப் பாதையாகும். ஆயினும் தீவைக் குறுக்கே கடக்கும் இன்பத்தை முழுமையாக அடைய வேண்டுமாயின், கடல்மட்டத்திலிருந்து புறப்பட்டு, ஆறாயிரம் அடி உயரம் ஏறி, மறுபுறம் மீண்டும் கடல்மட்டத்திற்கு இறங்கும் மலைப்பாதையிலேதான் செல்லுதல் வேண்டும். அவிசாவளை, ஹட்டன், நுவரெலியா, பதுளை, பிபிலை, செங்கலடி என்பன அவ்வழியிலுள்ள ஊர்கள். இப்பாதையில், இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய விளையாட்டுக் காரில், கூரையை மடித்துவிட்டுச் செல்லவேண்டும் என்ற ஆசை மோட்டார்ப் பிரியர் பலருக்கு உண்டு. அவ்வாசையை எவ்வாறு செம்மையாக நிறைவேற்றலாம் என்பதே இப்பேச்சின் பொருள்.

மலைநாட்டுக்கும் சிறு கார்களுக்கும் உள்ள உறவு புதியதன்று. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் உருவான எம்.ஜி. கார்களும், 1958ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் போன்றவையும் தோட்டத்துரைமார் காலத்தில் இம்மலைகளில் ஓடியவை. நுவரெலியாவை அடுத்த மஹகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி, இலங்கையின் மோட்டார்ப் போட்டிகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. ஆனால் போட்டி வேறு, பயணம் வேறு. போட்டியில் பாதை அடைக்கப்பட்டிருக்கும். எதிரே எவரும் வாரார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பயணத்திலோ பாதை எல்லோருக்கும் உரியது. இவ்வேறுபாட்டை உணராதவர் எத்தகைய காரை வைத்திருப்பினும் மலைக்குப் புறப்படாதிருத்தலே நன்று.

முதலில் வண்டியின் இயல்பை அறிதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, தவளைக் கண் போன்ற விளக்குகளையுடைய முதல் ஸ்பிரைட் காரையே எடுத்துக்கொள்ளலாம். அதன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. ஆற்றல் 43 குதிரைவலு. பெற்றோல் தாங்கியில் ஏறத்தாழ 27 லீற்றர் கொள்ளும். பின்புறத்தில் பெட்டி வைப்பதற்கு மூடி கிடையாது. ஆசனங்களைச் சாய்த்து, அவற்றின் பின்னால் உள்ள இருண்ட இடத்திற்குள் பொருள்களைத் தள்ளவேண்டும். முதலாம் கியரில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எளிதில் மாறாது. நான்கு சக்கரங்களிலும் பழைய முறையான டிரம் பிரேக்குகளே உண்டு. அவ்வகைக் கார்கள் 1961ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டமையால், இன்று எஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் அறுபது வயதைக் கடந்தது. மனிதரைப் போலவே, அந்த வயதில் வெளித்தோற்றம் பொலிவாக இருக்கலாம். உள்ளுறுப்புகளைச் சோதித்தே நெடும்பயணத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். பிரேக் குழாய்களின் ரப்பர், ரேடியேட்டரின் நீர்க்குழாய்கள், விசிறிப் பட்டி, சக்கரத் தாங்கிகள், டயர்கள் ஆகியவற்றை முன்னதாகப் பார்ப்பது செலவன்று, காப்பீடு.

பொருள்களைத் தெரிவதில் கண்டிப்பு வேண்டும். கடினமான பெட்டிக்குப் பதிலாக இரண்டு மென்மையான பைகள் போதும். கொழும்பின் வெப்பத்திலிருந்து புறப்படுவோர் நுவரெலியாவின் இரவுக் குளிரை மறந்துவிடுவது வழக்கம். ஆகவே கம்பளிச் சட்டை முதலில் இடம்பெறட்டும். அடுத்து விசிறிப் பட்டி ஒன்று, தீப்பொறிச் செருகிகள், ஒரு கலன் நீர், பிரேக் எண்ணெய், கைவிளக்கு, சக்கரத்திற்கு அடைகொடுக்க ஒரு கட்டை. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் ஆயிரம் அறிவுரைகளை விட அந்தக் கட்டையே பெரிதும் உதவும்.

காலத்தைத் தெரிவது இன்னும் முக்கியமானது. மத்திய மலைத்தொடர் ஒரு பெருஞ்சுவர்போல் நின்று மழையைப் பிரிக்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் பக்கத்தை நனைக்கும். அப்போது ஊவாப் பக்கம் வறண்ட காற்றுடன் இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று பதுளையையும் மட்டக்களப்பையும் நனைக்கும். தேயிலை இதனை நன்கறியும். டிம்புளைப் பகுதியின் மணமிக்க கொழுந்து தை, மாசியை ஒட்டிய வறண்ட நாள்களிலும், ஊவாவின் சிறந்த கொழுந்து ஆடி, ஆவணியிலும் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. தீவைக் குறுக்கே கடப்பவர் இரு பக்கங்களையும் காணவேண்டியவராதலின், கீழைமழை ஓய்ந்து மேலைமழை தொடங்காத பெப்ரவரி இறுதியும் மார்ச் மாதமும் அவருக்கு ஏற்றவை. ஏப்ரலில் நுவரெலியா வசந்தகால விழாக்களால் நிறைந்துவிடும். பாதையிலும் விடுதியிலும் இடம் அரிது. எக்காலமாயினும் புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கைகளை விசாரித்தல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மலைநாட்டின் எத்தனையோ பாதைகள் மண்ணுள் புதைந்தன. உயிர்களும் வீடுகளும் அவற்றுடன் போயின. வரைபடத்தில் பாதை இருப்பது, தரையில் பாதை இருப்பதற்குச் சான்றாகாது.

இனிப் பயணத்தை மூன்று நாளாகப் பிரிக்கலாம். முதல் நாள் கொழும்பிலிருந்து நுவரெலியா, ஏறத்தாழ 180 கிலோமீற்றர். விடியுமுன் புறப்பட்டால் நகரத்து நெரிசல் தொடங்குமுன் அவிசாவளையை அடைந்துவிடலாம். அங்கிருந்து ஏ-7 நெடுஞ்சாலை களனி கங்கையை அடுத்தே செல்கின்றது. 1957இல் வெளியான, குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பட்ட கித்துள்கலை இவ்வழியில் உள்ளது. அதைக் கடந்ததும் கினிகத்தேனை ஏற்றம் தொடங்கும். றப்பர் மறைந்து தேயிலை தோன்றும் இடமும் இதுவே. நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள ஹட்டனில் தேநீர் அருந்தி, வண்டியையும் ஆறவிட்டு, கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியே மேலே செல்லலாம்.

ஏற்றத்தில் எஞ்சினுக்கு நேர்வது யாதெனின், கீழ்க் கியரில் அது வேகமாகச் சுழலும். வண்டியோ மெதுவாக நகரும். ஆகவே ரேடியேட்டருக்குப் போதிய காற்றுக் கிடைப்பதில்லை. அதனுடன் 6,128 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். வெப்பமானி முள் உயர்ந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்திக் காத்திருத்தல் வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர் முகத்தையும் கைகளையும் வேகவைத்துக்கொள்வர். மேலும் உயரே காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் தன் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். கலவையில் பெற்றோல் மிகுந்து புகை கறுக்கும். எஸ்.யு. வகைக் காபரேட்டராயின் அடியிலுள்ள திருகைச் சற்று மேலேற்றிக் கலவையை மெலிதாக்கலாம். ஆனால் எத்தனை திருப்பு என்பதைக் குறித்து வைத்து, இறங்கியபின் மறவாமல் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும்.

இரண்டாம் நாள் நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, வெலிமடை வழியே பதுளைக்கு. தூரம் குறைவு, எனினும் இதுவே மிகுந்த கவனத்தைக் கோரும் நாள். மலையில் ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவது சாரதியின் வேலை. எந்தக் கியரில் ஓர் ஏற்றத்தை ஏறவேண்டியிருக்குமோ, அதே கியரில்தான் அந்த இறக்கத்தை இறங்கவேண்டும் என்பது பழைய விதி. காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும்; நாட்பட்ட பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருந்தால் அது கொதித்து, மிதி தரைவரை சென்றுவிடும். அதன்பின் செய்யத்தக்கது அதிகமில்லை. 2025 மே மாதத்தில் நுவரெலியாவுக்கும் கம்பளைக்கும் இடையே, றம்பொடைப் பகுதியில் கெரண்டி எல்லையில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஜனவரியில் நானுஓயாவை அடுத்த ரதல்லைக் குறுக்குப் பாதையில் நேர்ந்த மோதலில் ஏழு பேர் உயிரிழந்தனர். இம்மலைகள் அழகானவை, பிழையைப் பொறுப்பவை அல்ல.

இவ்விடத்தில் பாதையைப் பற்றியே ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. மலைநாட்டுச் சாலைகள் தாமாக முளைத்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டிச் சாலையை அமைக்க இராஜகாரியம் என்னும் கட்டாய வேலைமுறை பயன்பட்டது. 1832இல் அம்முறை ஒழிந்தபின், சாலை வேலைக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் மேன்மேலும் கொணரப்பட்டனர். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த அவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இத்தீவின் மிகக் கடுமையான குறுக்குப் பயணம் அதுவே. அதற்கு வரைபடமும் இல்லை, தங்குமிடமும் இல்லை, திரும்பிச் செல்லும் வழியும் பலருக்கு இல்லை. புகையிரதம் ஹட்டனை அடைந்தது 1884இல். அதற்கு முன் வந்தோரில் பெரும்பாலோர் நடந்தோரே. அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்து சென்றனர்.

இன்றும் அச்சாலைகளில் அவர்களின் வழித்தோன்றல்கள் நடக்கின்றனர். விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்வோர், கொழுந்து நிறைந்த பையுடன் நிறுவைக்குச் செல்லும் பெண்கள், பாடசாலைப் பிள்ளைகள், மருந்தகம் நோக்கிச் செல்லும் முதியோர் ஆகிய எல்லோருக்கும் சாலையின் ஓரமே நடைபாதை. லயத்து வாசலிலிருந்து ஓரடி வைத்தால் சாலை என்னும் இடங்களும் உண்டு. உல்லாசப் பயணி காட்சி என்று கருதும் வளைவு, அங்கு வாழ்பவருக்கு முற்றம். எனவே சிறு காரின் வேகம், அதன் ஆற்றலால் அளக்கப்படுவதன்று. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதியில் நிறுத்த முடியுமா என்பதால் அளக்கப்படுவது. மறைந்த வளைவில் ஒலியெழுப்பவேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இடங்கொடுக்கவேண்டும். கொழுந்து லொறி எதிர்ப்பட்டால் ஒதுங்கி நிற்கவேண்டும். பறித்த கொழுந்து வாடிச் சூடேறுமுன் ஆலை சேரவேண்டியது. பயணியின் அவசரம் அதைவிடப் பெரிதன்று. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கும். தாழ்ந்த சிறு கார் பிறர் கண்ணுக்குப் படுவது அரிது. ஆகவே நான்கு மணிக்குள் அன்றைய தங்குமிடத்தை அடைவது என்று திட்டமிடுவதே தக்கது.

மூன்றாம் நாள் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாக மலை இறங்கி, பிபிலை, மகாஓயா கடந்து செங்கலடிக்கு. பெற்றோலைப் பதுளையிலேயே நிரப்பிக்கொள்வது நலம். கீழிறங்க இறங்கக் காற்று வெப்பமடையும். தேயிலை முடிந்து காடும் வயலும் வரும். நேரான சாலையைக் கண்டதும் கால் தானே அழுந்தும். அங்கும் பொறுமை வேண்டும். மாலையில் யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி அது. பிற்பகலிலேயே மட்டக்களப்பு வாவியை அடைந்துவிட்டால், 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தருகே நின்று மாலைக் காற்றை வாங்கலாம்.

மலைப்பாதையில் தூரத்தைக் கிலோமீற்றரால் அன்றி மணியால் கணக்கிடவேண்டும். மணிக்கு முப்பது கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. பதறாத காரியம் சிதறாது என்பது மலைச்சாரதிக்கென்றே சொல்லப்பட்டது போலும். வண்டியைச் சோதித்து, காலம் அறிந்து, சுமை குறைத்து, பிரேக்கைக் காத்துச் செல்பவருக்கு இச்சிறு கார் பெரிய கார் தரமாட்டாத ஒன்றைத் தரும். தேயிலையின் மணமும், அருவியின் சாரலும், வழியில் நிற்போரின் முகமும் அதில் மிக அண்மையில் இருக்கும். அம்முகங்களைக் காணத்தக்க வேகத்தில் செல்பவரே மலைநாட்டைக் கடந்தவராவர். ஏனையோர் அதன் மேல் ஓடிச் சென்றவர் மட்டுமே.