வெயிலும் கிணறும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யான் எடுத்துக்கொண்டது பெரிய பொருள் அன்று. திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் அன்றாடம் காண்பவற்றையே சொல்ல வந்தேன். சேர் பொன். இராமநாதன் அவர்கள் 1921ஆம் ஆண்டிலே பரமேசுவராக் கல்லூரியை நிறுவிய ஊர் அது. அக்கல்லூரி வளவிலேதான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

சித்திரை, வைகாசியில் இவ்வூரைப் பார்த்தல் வேண்டும். நண்பகலில் தெருவின் நிழற்புறத்திலே மாத்திரம் மனிதர் நடமாடுவர். சந்தையிலே கீரை விற்கும் பெண்கள் நனைத்த சாக்கைக் கட்டுகளின்மேல் போட்டுவிட்டுக் கண்ணயர்வர். நிழலிலே நிறுத்திய துவிச்சக்கர வண்டியை விரிவுரை முடிந்து வந்து பார்த்தால், நிழல் நகர்ந்திருக்கும். வண்டி வெயிலிலே நிற்கும். கொதிக்கும் இருக்கையின்மேல் குறிப்புப் புத்தகத்தை வைத்து அமர்ந்து செல்வோரும் உளர். (கல்வியின் பயன்களுள் இதுவும் ஒன்று போலும்!) சோளகம் வீசத் தொடங்கினாலோ, தோய்த்த சட்டை அரைமணியிலே காய்ந்துவிடும், செம்மண் புழுதியிலே சிவந்தும்விடும்.

ஆகவே குளிக்கிறோம். காலையில் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை. கண்டிப் பக்கத்திலிருந்து வந்த சிங்கள நண்பர் ஒருவர் முதல் வாரத்திலே, "ஆறு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மகாவலிக் கரையிலே வளர்ந்தவர் வேறெதைக் கேட்பார்! குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது, வழுக்கையாறுகூட மாரியிலே மாத்திரம் ஓடுவது என்றோம். அவர் கிணற்றை எட்டிப் பார்த்து, "அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?" என்றார். இங்கே பிறந்த நாம் அப்படிக் கேட்பதில்லை.

ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மழையே அது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மிசன் பாடசாலையிலே எமக்குப் பூமிசாத்திரம் கற்பித்த ஆசிரியர் ஒரு கணக்குச் சொல்லுவார்: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும். மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏறும்.

துலாவிலே இறைத்த காலத்தில் கையே அளவு சொல்லிற்று. தோள் நொந்ததும் குளிப்பு முடிந்துவிடும். இன்று விசையைத் தட்டிவிட்டுப் படிக்கப் போய்விடுகிறோம். வீட்டுக்கார ஆச்சி, "தம்பி, தாங்கி நிரம்பி வழியுது, மோட்டரை நிப்பாட்டும்" என்று கூப்பிட்ட பிறகே எழும்புகிறோம். வாடகை கொடுப்பவனுக்குத் தண்ணீர் தன்னுடையது என்றொரு நினைப்பு. பெரியோர்கள் கோபிக்கக்கூடாது, உங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஒரு குடும்பத்துக்கு வெட்டிய கிணற்றைப் பத்து மாணவருக்கு விட்டதோடு, முற்றம் முழுவதற்கும் சீமெந்தும் போட்டிருக்கிறீர்கள். பெய்கிற மழை கிணற்றுக்கு இறங்க வழியின்றித் தெருவுக்கு ஓடுகிறது.

நிற்க. கோயிற் கேணிகளும் ஊர்க்குளங்களும் மழைநீரைத் தாங்கி நிலத்துக்குள் இறக்குபவை. அவற்றுட் பல தூர்ந்து கிடக்கின்றன. சங்கத்தார் ஐப்பசி பிறக்குமுன் நாள் குறித்து ஒன்றையாவது தூர்வாரத் தொடங்கினால், எங்கள் அறைகளிலிருந்து இருபது பேராவது வருவோம். மண்வெட்டிகளை மாத்திரம் ஊரவர் தரவேண்டும். மாணவர் அறைகளிலே அவை கிடையா.