பலகையில் ஒரு போர்க்களம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. எனக்கோ ஆட்டத்தைப் பற்றிப் பேசும் பணி வாய்த்திருக்கிறது. அதுவும் போர் ஆட்டம்! முன்பு நடந்த போர் ஒன்றை நிலப்படத்தின்மேல் காய்களை நிறுத்திப் பகடை உருட்டி மீண்டும் நிகழ்த்திப் பார்க்கும் ஆட்டம். கோவண்டியில் என் சிறு அறையில் ஞாயிறுதோறும் பாய் விரித்து நாங்கள் நால்வர் இதை ஆடிவந்தோம் என்பதை இங்குள்ளோர் பலர் அறிவர். “வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு வேலையா?” என்று வினவியவர்களும் இந்த அவையில் இருக்கின்றனர். அவ்வினாவிற்கு விடை கூறவே எழுந்து நிற்கிறேன்.

இவ்வாட்டம் நமக்கு முற்றிலும் புதியதன்று. சதுரங்கம் என்னும் சொல்லே தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பதன்றோ? ஆயினும், வரலாற்றுப் போர் ஆட்டத்திற்குச் சதுரங்கத்தைக் காட்டிலும் நெருங்கிய உறவு நம் ஆடுபுலி ஆட்டமே என்பேன். சதுரங்கத்தில் இரு தரப்பிற்கும் படை சமம், நோக்கமும் ஒன்றே. உலகில் எந்தப் போர் அவ்வாறு நடந்தது? ஆடுபுலியைப் பாருங்கள். புலிகள் 3, ஆடுகள் 15. புலி தாவி வெட்டும். ஆட்டிற்கு வெட்டும் உரிமை இல்லை. ஒன்றுகூடிப் புலியின் வழியை அடைப்பதே அதன் வலிமை. பலமும் வேறு, நோக்கமும் வேறு. மண்டபத் தரையில் கோடு கிழித்துக் கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் வைத்து ஆடிய நம் முன்னோர், போரின் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர்.

மேலைநாட்டில் இது படைப்பயிற்சியாக வளர்ந்தது. பிரஷிய நாட்டு இளம் படையதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தையார் தொடங்கிய ஆட்டத்தைச் செப்பனிட்டு 1824இல் விதிநூல் வெளியிட்டார். நிலப்படம், சிறு கட்டைகள், பகடை, நடுவர் ஆகியவை அதன் உறுப்புகள். 1954இல் அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ் ‘டாக்டிக்ஸ்’ என்னும் ஆட்டத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1958இல் அவர் வெளியிட்ட ‘கெட்டிஸ்பர்க்’, அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு களத்தையே வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது.

நாங்கள் அட்டையில் வரைந்துகொண்டது வந்தவாசிக் களம். வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலியை, 1760 ஜனவரி 22ஆம் நாள் ஆங்கிலத் தளபதி அயர் கூட் எதிர்த்து வென்றார். அன்று பிரெஞ்சு அணியில் வெடிமருந்து வண்டி ஒன்று குண்டுபட்டு வெடித்தது; அணி கலங்கியது. புஸ்ஸி சிறைப்பட்டார். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது. 1766இல் லாலிக்குப் பாரிசில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு வண்டி வெடிப்பதற்குச் சதுரங்கத்தில் இடமேது? பகடையில் உண்டு. எங்கள் பாயில் சில நாள் வண்டி வெடிப்பதில்லை, லாலி வென்றுவிடுவார்! அன்றெல்லாம் நள்ளிரவுவரை வழக்காடுவோம். முடிந்தபின் விதியாகத் தோன்றுவது, முடியுமுன் எத்துணை ஐயத்திற்கு உரியதாய் இருந்தது என்பதை அப்போதுதான் கண்டோம்.

ஒரு நாள் நண்பரின் சிறு மகள் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, “இதில் ஊர்க்காரர்கள் எங்கே?” என்று வினவினாள். எங்களிடம் விடை இல்லை. இரு கும்பினிகளுக்கும் காய்கள் உண்டு; அந்நிலத்தில் உழுது வாழ்ந்த குடிகளுக்கு ஒரு காயும் இல்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் பொம்மைப் போர் நூலை எழுதினார்; இதை ஆடிப் பார்த்தவனுக்கு உண்மைப் போரின் மடமை விளங்கும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. ஆட்டம் போரைத் தடுக்கும் என்று நானும் கூறவில்லை. ஆயினும், யாரை மறந்தோம் என்று கேட்க ஒரு குழந்தைக்கு அது வழி செய்தது.

இனி, தனியே ஆடுவதைப் பற்றிக் கூறுகிறேன். நால்வரில் ஒருவர் ஊர் திரும்பினார். ஒருவர் பன்வேலுக்குக் குடிபெயர்ந்தார். ஒருவர்க்கு ஞாயிறும் வேலை. நான் தனித்தேன். கூட்டின் பக்கம் அமர்ந்து ஒரு நகர்வு. எழுந்து சென்று லாலியின் பக்கம் அமர்ந்து ஒரு நகர்வு. ஓர் இரவு என் மனம் லாலியின்பால் சாய்ந்தது. பகடை அவர்க்கு எதிராக விழுந்தது. “பாயின் ஓரத்தில் விழுந்தது செல்லாது” என்று எனக்கு நானே தீர்ப்புக் கூறி மீண்டும் உருட்டினேன். பார்த்தவர் யாருமில்லை. லாலி வென்றார். ஆனால் அந்த வெற்றியில் சுவை இல்லை.

இச்சிறு குற்றம் பேரரசுகளும் செய்ததே. ஜப்பானியக் கடற்படையின் விமானத் தலைவர் புச்சிடா பின்னாளில் எழுதிய செய்தி இது. 1942 மே மாதம் யமாட்டோ போர்க்கப்பலில், மிட்வேத் தாக்குதலை முன்னதாக ஆட்டமாக ஆடிப் பார்த்தனர். பகடையின்படி, 9 குண்டுகள் பட்டு ஆகாகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. தலைமை தாங்கிய உகாக்கியோ, 9 என்பதை 3 ஆகக் குறைத்துத் தீர்ப்பளித்தார். மூழ்கியதாகக் கொண்ட காகாவும் அடுத்த ஆட்டத்தில் மிதந்து வந்தது! ஜூன் 4ஆம் நாள் மூண்ட உண்மைப் போரில் அவ்விரண்டோடு மேலும் இரு விமானந்தாங்கிகளும் அழிந்தன. பகடையைத் திருத்தலாம், கடலைத் திருத்த இயலுமா?

நண்பரோடு ஆடும்போது நம் நேர்மையைக் காக்க எதிரே இரு கண்கள் உண்டு. தனித்து ஆடும்போது நாமே ஆட்டக்காரர், நாமே எதிரி, நாமே நடுவர். எதிரியின் இருக்கையில் அமர்ந்து, அவனுக்காகவும் முழு மனத்தோடு சிந்திப்பது எளிதன்று. வேற்றுமொழியாரோடு ஒரே சுவரைப் பங்கிட்டு வாழும் நமக்கு அப்பயிற்சி வேண்டும். நம் சங்கத்துக் கருத்து வேறுபாடுகளுக்கும் அது வேண்டும் என்றால் பெரியோர் சினம் கொள்ளார் என நம்புகிறேன்.

அந்த இரவுக்குப்பின் ஒரு விதி செய்துகொண்டேன்: பகடை எங்கே விழுந்தாலும் விழுந்ததே. அதன்பின் லாலி பலமுறை தோற்றார், இருமுறை வென்றார். அவ்விரு வெற்றிகளும் இனித்தன.

இளைஞர்களே! வந்தவாசி அட்டை இன்னும் என் பரண்மீது இருக்கிறது. குழந்தை கேட்டபின் அதில் ஓர் ஊரும் வரைந்திருக்கிறேன். ஞாயிறு மாலை வாருங்கள். எதிர்ப்பக்கம் இடம் வெறுமையாய் இருக்கிறது. எந்தத் தரப்பு வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் இடம் மாறி அமரவும் ஆயத்தமாய் வாருங்கள்.