முறைவேலையும் இல்லத்தார் கடமையும்
(ஜவ்வாது மலையில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மலையிலுள்ள காவலூரில் 1986-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பெருந்தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அதனைக் கொண்டு விண்மீன்களை ஆராய்வோர் இரவெல்லாம் விழித்துப் பகலில் துயில்கின்றனர். அத்துயிலை எவரும் சோம்பலென்று இகழ்வதில்லை. ஆயின், ஆலையில் இரவு ஷிப்டு முடித்துவந்த எம் தம்பியைச் சிறு வேலைகளுக்காக யாமே பலகால் எழுப்பினோம். அதனை எண்ணி இன்று நாணுகின்றோம்.

உடலினுள் இயங்கும் நாட்கடிகாரத்தை ஆராய்ந்த மூவர்க்கு 2017-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அக்கடிகாரம், வாரந்தோறும் மாறும் முறைக்கு உடனே இணங்குவதன்று. ஆதலின், வேலை நாடும் இளைஞர் ஊதியத்தை மட்டும் வினவி அமையற்க. முறை எத்தனை நாளுக்கொருகால் மாறும், காலை, மாலை, இரவு என்னும் வரிசையில் மாறுமா, நள்ளிரவில் வீடு சேர்க்க வண்டி உண்டா என்பனவற்றையும் கேட்டறிக. இரவினின்று மாலைக்குப் பின்னோக்கி மாறுவதினும் முன்னோக்கி மாறுவதே உடலுக்கு எளிது. மிகைநேர உழைப்பிற்கு இருமடங்கு கூலி என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த நெறி என்பதையும் மறவற்க.

இல்லத்தாரே! இரவு உழைத்தோர் உறங்கும் இடத்தை இருளாக்குக, ஓசையை அடக்குக, தூக்கக் கலக்கத்தோடு மலைவளைவுகளில் வண்டி செலுத்த விடற்க. இழந்த கூலி மறுமாதம் வரும். இழந்த உயிர் வாராது.