ஊசி கற்றுத்தரும் பாடம்
(பேசாலையில் நடந்த தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இந்தக் கரையில் நின்று பேசும்போது நம் முன்னோர் வந்த வழியை மறக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் பெரியம்மையும் அந்தப் பாதை நெடுகப் பலரைக் கொண்டுபோயின. பிற்காலத்தில் தலைமன்னார் வழி வந்தவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, அம்மை குத்தியே அனுப்பினார்கள். நம்மீது கொண்ட அன்பினால் அல்ல. தோட்டத்துக்கு ஆள் குறையக்கூடாது என்ற கணக்கு அது. ஆனாலும் அந்தக் குத்து உயிர்களைக் காத்தது. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஒரு சின்ன ஊசி இத்தனை காலம் எப்படிக் காக்கிறது?

நம் இரத்தத்தில் காவல் அணுக்கள் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிருமியின் அடையாளம்தான் தெரியும். புதிய கிருமி புகுந்தால், அதை அறிந்த அணுக்கள் சிலவே இருக்கும். அவை பெருகி எதிர்ப்புப் பொருளைச் செய்ய ஒன்றிரண்டு வாரமாகும். அதற்குள் நோய் முந்திவிடும்.

தடுப்பூசியில் இருப்பது பலவீனமாக்கிய கிருமி, அல்லது செத்த கிருமி, அல்லது அதன் ஒரு துண்டு. உடல் அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் பெரும்பாலான அணுக்கள் மறைந்துவிடும். சில மட்டும் நினைவு அணுக்களாகத் தங்கிவிடும். பிறகு உண்மைக் கிருமி வந்தால், பிரட்டுக்குத் தப்படித்ததும் ஆட்கள் களத்தில் கூடுவதுபோல் படை விரைவாகத் திரளும்.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? 1846இல் பரோயே தீவுகளில் சின்னமுத்து பரவியது. 1781இல் அதே நோய் வந்து பிழைத்திருந்த முதியவர்களை அது தொடவில்லை. 65 வருடம் உடல் மறக்கவில்லை! நோயில் வீழாமலே அந்த நினைவைத் தருவதுதான் ஊசி.

எல்லா ஊசியும் ஒன்றல்ல. ஏற்புவலி ஊசியின் பலம் காலப்போக்கில் குறையும். அதனால்தான் மறுபடி போடுகிறார்கள். அந்தக் கிருமி மண்ணில் வாழ்வது. ஊரே ஊசி போட்டிருந்தாலும், கவ்வாத்துக் கத்தி வெட்டிய உங்கள் கையை அது காக்காது. உங்கள் ஊசிதான் காக்கும்.

சின்னமுத்து வேறு வகை; ஆளிலிருந்து ஆளுக்குத் தாவும். நூற்றுக்கு 95 பேராவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அது பரவ இடமில்லாமல் போகும். இலங்கையில் அது ஒழிந்ததென 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. 2023இல் மறுபடி பரவியது. 9 மாதத்தில் முதல் ஊசி, 3 வயதில் இரண்டாவது. ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கு, சுற்றியிருக்கும் நாம்தான் வேலி. லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் நமக்கு இது மிகவும் பொருந்தும்.

தாய்மார் கவலையில்லாமல் ஊசியைத் தள்ளிப்போடுவதில்லை. கிளினிக் போனால் அன்றைய பேர் விழாது, சம்பளம் போகும். ஊசி இலவசம், அந்த நாள் இலவசமல்ல. ஆகவே கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது என்று சங்கமாகக் கேட்கிறோம்.

நம் பங்கும் உண்டு. கொழும்புக்கு வேலைக்குப் போனாலும், வேறு தோட்டத்துக்கு மாறினாலும், கிளினிக் கொப்பியைக் கையோடு எடுத்துப்போங்கள். ஓர் ஊசி தவறியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். எந்த ஊசியை எப்போது போடலாம் என்று அவர் சொல்வார். இன்றிரவே வீட்டுக் கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள், தோழர்களே.