அந்தப் பத்து விழுக்காடு யார் கைக்குப் போகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



சனிக்கிழமை இரவு. பிடோக் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டு முடித்து ரசீதைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு 100 வெள்ளி. சேவைக் கட்டணம் 10 வெள்ளி. இரண்டும் சேர்ந்த 110 வெள்ளிக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி 9 வெள்ளி 90 காசு. ஆக மொத்தம் 119 வெள்ளி 90 காசு. பரிமாறிய பெண்ணுக்கு ஐந்து வெள்ளி வைக்கலாமா என்று மகன் கேட்கிறான். "அதான் சர்வீஸ் சார்ஜ் கொடுத்தாச்சே!" என்கிறார் அப்பா.

சிங்கப்பூரில் பெரும்பாலோர் சொல்லும் பதில் இதுதான். இங்கே டிப்ஸ் கொடுப்பது கட்டாயமும் இல்லை, பழக்கமும் இல்லை. கொடுக்காவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டு மத்திய சட்டப்படி, மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991ஆம் ஆண்டிலிருந்து அது மாறவே இல்லை. அங்கே மேசையில் வைக்கும் பணம் உபகாரம் அன்று, சம்பளத்தின் ஒரு பகுதி. அந்த நிலை நமக்கு வேண்டாம் என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால், அப்பா கொடுத்த அந்த 10 வெள்ளி பரிமாறிய பெண்ணுக்குத்தான் போகிறதா? போகலாம், போகாமலும் இருக்கலாம். சேவைக் கட்டணம் உணவகத்தின் வருமானம். அதை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. சில ஹோட்டல்களில் 'பாயிண்ட்' முறை உண்டு. வேலைக்கேற்ப ஒவ்வொருவருக்கும் இத்தனை புள்ளி என்று வைத்து, மாதம் சேர்ந்த தொகையை அந்தக் கணக்கில் பிரிப்பார்கள். வேறு சில இடங்களில் அது வாடகையோடும் மின்சாரக் கட்டணத்தோடும் கரைந்துவிடும். வாடகை ஏறிக்கொண்டே போகும் ஊரில் கடை நடத்துபவரின் கஷ்டமும் புரிகிறது. அப்படியானால் விலைப்பட்டியலில் விலையை ஏற்றிவிடலாமே! சேவை என்று பெயர் சூட்டி வாங்கும்போது, வாடிக்கையாளர் ஊழியருக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்துக் கையை மடக்கிக்கொள்கிறார். நஷ்டம் ஊழியருக்கு.

இந்தக் குழப்பம் மற்ற நாடுகளிலும் உண்டு. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, டிப்ஸும் சேவைக் கட்டணமும் பிடித்தம் ஏதுமின்றி ஊழியர்களுக்கே போகவேண்டும். இந்தியாவில் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம், ரசீதில் தானாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் அறிவித்தது. உணவக உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

சரி, மகன் சொன்னபடி கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது.

பரிமாறும் பெண் சிங்கப்பூரர், வயது 55க்குள், மத்திய சேம நிதிக்கு முழு விகிதத்தில் பணம் செலுத்துபவர் என்று வையுங்கள். ஒரு மாதத்தில் 100 வெள்ளி சேவைக் கட்டணப் பங்காகச் சம்பளத்தோடு வந்தால் அதற்குச் சேம நிதி உண்டு. அவர் பங்கு 20 வெள்ளி போக 80 வெள்ளி கையில் வரும். முதலாளி தம் பங்குக்கு 17 வெள்ளி போடுவார். கணக்கில் 37, கையில் 80, மொத்தம் 117 வெள்ளி. அதே 100 வெள்ளியை வாடிக்கையாளர்கள் நேரே கையில் கொடுத்தால் முழு நூறும் அன்றைக்கே கிடைக்கும். சேம நிதியில் ஒரு காசும் ஏறாது. வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி பார்ப்பது சம்பளச் சீட்டையும் சேம நிதிக் கணக்கையும்தான். இருபது வருடம் நல்ல டிப்ஸ் வாங்கியவருக்கும் ஓய்வு காலத்தில் அதற்கென்று எந்தப் பதிவும் இருக்காது.

வெளிநாட்டு ஊழியருக்குக் கணக்கே வேறு. சேம நிதி இல்லாததால் கையில் கிடைப்பதே மிச்சம். 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதிச் சீட்டில் அழைத்துவர முடிகிறது. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு பிரமாதம் என்று பாராட்டி மேசையில் ஐந்து வெள்ளி வைக்கிறோம். சாம்பாரும் மீன் குழம்பும் வைத்தவர் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். எல்லோருக்கும் பிரிக்கும் ஏற்பாடு இல்லாத கடையில் அந்த ஐந்து வெள்ளி அவரை எட்டாது. கல்லாவில் பொது உண்டியல் இருந்தால் அதில் போடுவது நல்லது.

இல்லாவிட்டால், "சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருதா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கேட்காதீர்கள். கொடுப்பதென்றால் ரசீதோடு சேர்க்காமல் தனியாகக் கையில் கொடுங்கள். காசுப் புழக்கம் குறைந்த பிறகு இதுவும் அருகி வருகிறது. டாக்சி மீட்டர் 13 வெள்ளி 60 காசு காட்டினால் 14 வெள்ளியைக் கொடுத்து, "மீதி வேண்டாம் அங்கிள்" என்று இறங்கியவர்கள் உண்டு. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சரியாக 13 வெள்ளி 60 காசுதான் போகும்.

மீண்டும் பிடோக்குக்கே வருவோம். அந்தக் குடும்பம் சாப்பிட்ட இடத்திலிருந்து சில நிமிட நடையில், பேருந்து முனையத்தின் அருகே உணவங்காடி நிலையம் இருக்கிறது. அங்கே சேவைக் கட்டணமும் இல்லை, டிப்ஸும் இல்லை. துப்புரவாளர்களுக்கு 2014 முதலும், உணவுச் சேவை ஊழியர்களுக்கு 2023 மார்ச் முதலும் படிப்படியாக உயரும் சம்பள முறை நடப்பில் உள்ளது. அதில் வரும் ஒவ்வொரு வெள்ளியும் சம்பளச் சீட்டில் ஏறுகிறது, சிங்கப்பூரருக்குச் சேம நிதியிலும் சேர்கிறது. அதனால் அங்காடிச் சாப்பாட்டின் விலை பத்து இருபது காசு ஏறும்போது முணுமுணுப்பவர்கள், மேசை துடைக்கும் அந்தப் பாட்டியின் சம்பளமும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்கவேண்டும் என்பது அங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்து விதி. எலும்பையும் கைத்துடைப்புத் தாளையும் மேசையில் சிதறவிடாமல் தட்டிலேயே சேர்த்து வைத்தால், அடுத்த மேசைக்கு அவர் சற்று நிதானமாக நடந்து போகலாம்.