சிநேகிதிகளின் பாட்டு

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு பத்தாண்டுப் பிரிவினரும் தங்கள் காலத்துப் பாட்டு ஒன்றைத் தெரிவு செய்து அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயற்குழு கேட்டிருந்தது. எழுபதுகளின் அக்காமார் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான். தொண்ணூறுகளின் பிள்ளைகளாகிய நாங்கள் எடுத்தது ஓர் ஆங்கிலப் பாட்டு. ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற ஐந்து பெண்கள் பாடிய 'வானபி'. முன் வரிசையில் சில ரீச்சர்மாரின் புருவம் உயர்வது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கோ, காரணம் சொல்கிறோம்.

அந்த ஐந்து பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அல்ல. பெண்கள் பாட்டுக்குழு ஒன்றுக்கு ஆட்கள் தேவை என்று 1994 இல் 'தி ஸ்ரேஜ்' என்ற பத்திரிகையில் வந்த விளம்பரத்தின் வழியாகத்தான் குழு உருவாகத் தொடங்கியது. சேர்த்த முகாமையாளர்களை அடுத்த ஆண்டே விட்டுவிட்டுத் தாங்களாகவே வெளியேறினார்கள். முதற் பாட்டாக எதை வெளியிடுவது என்ற கேள்வி வந்தபோது, பெரியவர்கள் வேறு பாட்டுகளைச் சொன்னார்கள். பெண்கள் இதுதான் என்று பிடிவாதமாக நின்றார்கள். 1996 யூலையில் வெளிவந்து பிரித்தானியாவில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவிலும் முதலிடம். பாட்டின் விஷயம் இவ்வளவுதான்: ஒருத்தியை விரும்பி வருகிறவன் முதலில் அவளுடைய சிநேகிதிகளோடு ஒத்துப்போக வேண்டும். காதலன் வருவான், போவான், சிநேகிதிகள் அப்படியல்ல என்பது கருத்து. பெரிய தத்துவம் இல்லை. பதினைந்து வயதில் அது பெரிதாகத்தான் இருந்தது.

அந்தப் பாட்டின் காணொளியை இலண்டன் சென் பாங்க்ராஸில் உள்ள பழைய மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டலில் எடுத்தார்கள். ஐந்து பெண்களும் கனவான்களின் விருந்துக்குள் புகுந்து, படியேறி, மேசையைக் குழப்பி, ஓடிப்போகிறார்கள். எடுத்த நாள் 1996 ஏப்ரல் 19. அந்தத் திகதி இங்கிருக்கும் பலருக்கு வேறு காரணத்தால் ஞாபகம் இருக்கும். தென்மராட்சியில் சூரியக்கதிர் இரண்டாம் கட்ட நடவடிக்கை தொடங்கிய நாள் அது. 1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்துபோன இலட்சக்கணக்கான சனத்தில் நாங்களும் இருந்தோம். ஆறு மாதமாகச் சாவகச்சேரி, கொடிகாமம் பக்கம் பிறத்தியார் வீட்டு விறாந்தைகளில் இருந்துவிட்டு, அந்த ஏப்ரலில்தான் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வலிகாமம் திரும்பத் தொடங்கினோம். அவர்கள் அங்கே படியில் ஓடினார்கள், நாங்கள் இங்கே தெருவில் நடந்தோம். ஏறக்குறைய ஒரே தலைமுறைப் பெண்கள்.

திரும்பி வந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது பழைய இடாப்பு இல்லை, புதிதாக எழுதினார்கள். பாதி வாங்குகள் வெறுமை. சிலர் கிளாலி கடந்து வன்னிக்குப் போய்விட்டார்கள், சிலர் கொழும்புக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. யார் எங்கே என்று யாரைக் கேட்பது? தொலைபேசி இல்லை. 1990 இல் நின்ற மின்சாரம் இன்னும் வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள், அதிலும் கேட்டது பெரும்பாலும் செய்திதான்.

அந்த ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் திகதியை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விட முடியாது. சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிரிசாந்தி குமாரசுவாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு, இறந்துபோன பள்ளித் தோழி ஒருவருக்கு இறுதி மரியாதை செலுத்திவிட்டு, வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூடத் திரும்பவில்லை. 1998 இல் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. எல்லோரும் அறிந்ததை மேலும் விரிக்கவில்லை. அதன் பிறகு எங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறோம். சிநேகிதி வீட்டுக்குப் போவது நின்றது. பள்ளிக்கூடம், வீடு, அவ்வளவுதான். அம்மாமாரைக் குறை சொல்லவில்லை, அவர்களுடைய இடத்தில் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். பிள்ளைகளுக்கிடையிலான சிநேகிதம் உயிருக்கு ஆபத்தான விஷயமாகிப் போன ஊர் எங்களுடையது.

பாட்டு எங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான். 1997 இல், மாதக்கணக்காகச் சுணங்கி, ஒரு நீல வான்கடிதத்தில் வந்தது. இலண்டனுக்குப் போன எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இங்கே எல்லாரும் இதைத்தான் பாடுகினம் என்று முழுப் பாட்டையும் கையால் எழுதி அனுப்பியிருந்தாள். ஓரத்தில் கடினமான சொற்களுக்குத் தமிழ் விளக்கம். மெட்டு எப்படிக் கடிதத்தில் வரும்? அதனால் இல்ல விளையாட்டுப் போட்டியில் பாடும் எங்கள் இல்லப் பாட்டின் மெட்டைப் போட்டுப் பாடினோம். அதில் அகராதியில் இல்லாத ஒரு சொல் இருந்தது. லிப்கோவில் தேடினோம், கிடைக்கவில்லை. ஆங்கில ரீச்சரிடம் கொண்டுபோனோம். அவர் கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டு, "இதுக்கு அர்த்தம் ஒண்டும் இல்லைப் பிள்ளையள், சத்தம்தான்" என்றார். பிறகு கடிதத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

உண்மையான மெட்டைக் கேட்டது அடுத்த ஆண்டு, ரியூட்டறிக்குப் போகும் வழியில் ஒரு கசெற் கடையில். எங்கள் மெட்டுத்தான் நல்லது என்று அன்றே முடிவெடுத்துவிட்டோம். இன்றும் அந்த முடிவில் மாற்றமில்லை.

2014 இல் மான்செஸ்ரர் அறிவியல் அருங்காட்சியகமும் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். எந்தப் பாட்டை மிக விரைவாக அடையாளம் காண்கிறார்கள் என்று பார்த்ததில் இதுவே முதலாவது, சராசரி 2.3 விநாடி. வைத்தியர்களாகிய எங்களுக்கு இதில் வியப்பில்லை. பெயர்கள் மறந்துபோன முதியவர்கள் பள்ளிக்கூடக் கீதத்தைப் பிசகாமல் பாடுவதை விடுதிகளில் கண்டிருக்கிறோம். 2016 இல் இதே பாட்டை வைத்து, பெண்பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, சிறுவயதுத் திருமணத்துக்கு முடிவு, வன்முறைக்கு முடிவு, சம வேலைக்குச் சம சம்பளம் என்று கேட்டுப் பல நாட்டுப் பெண்கள் ஒரு குறும்படம் எடுத்தார்கள். நல்ல விஷயங்கள். ஆனால் மூலப் பாட்டு சொன்ன விஷயத்தை யாரும் கோரிக்கையாக வைக்கவில்லை. எங்களுக்கு அதுதான் இன்று முக்கியமாகப் படுகிறது.

நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, கை கால் உளைகிறது என்று எங்கள் கிளினிக்குகளுக்கு வரும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். "மனம்விட்டுக் கதைக்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?" மகளைச் சொல்வார்கள், அம்மனைச் சொல்வார்கள். "பள்ளிக்கூடச் சிநேகிதி?" என்று கேட்டால் சிரிப்பு வரும். "அதெல்லாம் கலியாணத்தோட விட்டுப்போச்சு, டொக்டர்." யாழ்ப்பாணத்தில் இது இன்னும் விசித்திரம். சீதன வீடு பெண்ணுக்குத்தான், அவள் பெரும்பாலும் தன் ஊரிலேயேதான் இருக்கிறாள். சிநேகிதி இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருப்பாள். ஆனாலும் போவதில்லை. காரணம் இல்லாமல் ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்க்கப் போக எங்கள் ஊரில் இடம் இல்லை. செத்தவீடு வேண்டும், சாமத்தியவீடு வேண்டும். ஆண்களுக்குச் சந்தி இருக்கிறது, சனசமூக நிலையம் இருக்கிறது, விளையாட்டுக் கழகம் இருக்கிறது. பெண்ணுக்கு இருப்பது இந்தச் சங்கம் ஒன்றுதான். மருந்து எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்களில் சிலருக்குக் குறைவாக இருப்பது மருந்து அல்ல என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆகவே செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். கட்டட நிதியும் இராப்போசனமும் நடக்கட்டும், நாங்களும் ரிக்கெற் வாங்குகிறோம். அதோடு மாதத்தில் ஒரு பின்னேரம் இந்த மண்டபத்தைத் திறந்து வையுங்கோ. பேச்சு வேண்டாம், விளக்கேற்றல் வேண்டாம். தேத்தண்ணியும் கதிரையும் போதும். வீட்டில் கேட்டால் 'சங்கத்துக்குப் போறன்' என்று சொல்லிவிட்டு வரலாம்.

கடைசியாக ஒரு விஷயம். 1995 ஒக்டோபரில் எங்கள் வகுப்பில் இருந்தவர்களின் பெயர்களை ஞாபகத்தில் இருந்து ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறோம். வான்கடிதம் எழுதியவள் இன்று இங்கே வந்திருக்கிறாள், நாலாவது வரிசையில். ஏழு பேரைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. அவர்களில் மூவரைக் கடைசியாகக் கண்டது வன்னியில். கொப்பி வாசலுக்கு வலது பக்க மேசையில் இருக்கிறது, பேனையைக் கட்டி வைத்திருக்கிறோம். யாருக்காவது ஒரு விபரம் தெரிந்தால், அது எப்படிப்பட்ட விபரமாக இருந்தாலும், பெயருக்கு எதிரே எழுதிவிடுங்கோ. மற்ற வகுப்பினரும் தாங்கள் தேடுகிற பெயர்களைப் பின்பக்கங்களில் எழுதலாம், அவை வெறுமையாகத்தான் இருக்கின்றன.